காவி கேட்ட கண்டக்டர்

மருதப்பன் மூன்றாவது தடவையாகக் காவி கேட்ட அன்று நான் பக்கத்தில் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில் எங்கள் மடம். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடுகிற மடம். மற்ற நாளில் பத்துப் பேர் வருவார்கள். தைப்பூசம் நெருங்கினால் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர். மடத்துக்குப் பெரியவர் உமையாளம்மா. ஒரு காலத்தில் நூற்பாலையில் வேலை பார்த்தவர், இப்போது காவி கட்டியவர். நான் சமையல்காரன், பேர் வெள்ளைச்சாமி. கோபக்காரன் என்று சுற்றுவட்டாரமே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும், என் சோற்றைத்தானே தின்கிறார்கள்.

மருதப்பன் எனக்கு நேர் எதிர். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகு சீடனாக இருக்கிறேன் என்று வந்து சேர்ந்தார். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அம்மா உட்கார்ந்திருந்தால் இவர் நின்றுகொண்டுதான் பேசுவார்.

"அம்மா, பூசத்துக்குள்ள எனக்குக் காவி குடுத்துட்டா நல்லா இருக்கும்."

"என்ன அவசரம் கண்டக்டரே?"

"அவசரம் இல்லம்மா. ஆசை. வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. வேற ஆசை எதுவும் இல்ல."

அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரோடயாவது ஒரு சண்டை போட்டுட்டு வாங்க. தாரேன்."

என் கை அரிவாள்மனையில் அப்படியே நின்றுபோனது.

"நான் சண்டை போடுற ஆள் இல்லையேம்மா," என்றார் மருதப்பன்.

"தெரியும்."

"கோபத்தை விட்டவனுக்குத்தானே காவி?"

"விட்டவருக்குத்தான்," என்றார் அம்மா. "நீங்க எங்க விட்டீங்க?"

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"அம்மா, நான் தினம் மூணு சண்டை போடுறேன். அப்ப எனக்குத்தானே முதல் காவி?"

"நீ முதல்ல சாம்பாருக்கு உப்பைச் சரியாப் போடு," என்றார் அம்மா.

மருதப்பன் கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுகிற கதையை அவரே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் எவனாவது கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால் இவர் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பாராம். திட்டுகிறவன் திட்டித் திட்டி ஓய்ந்து, வெட்கப்பட்டு, அவன் ஊருக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவானாம்.

வீட்டிலும் அதேதான். மகள் சுகந்தி தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மனைவி சௌந்தரம் கூடவே பதிவாபீசுக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். இவருக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இவர் கத்தவில்லை, தட்டை வீசவில்லை. பேச்சை நிறுத்தினார். பதினாலு மாசம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரு வார்த்தை கிடையாது. பிறகு ஒரு பையில் இரண்டு வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

"இன்னிய வரைக்கும் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல வெள்ளைச்சாமி," என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு திருப்தி தெரியும். எனக்கும் அவரை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் அன்றைக்கு வீட்டுக் கூரை பறந்திருக்கும்.

அம்மா வாக்குக் கொடுத்துவிட்டதால் மறுநாளிலிருந்து மருதப்பன் சண்டைக்கு ஆள் தேடினார். நான்தான் ஆள் பிடித்துக் கொடுத்தேன். பால்காரன் துரைப்பாண்டி. பத்து நாளாகப் பால் தண்ணீராக வந்துகொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்று கத்திப் பார்த்துவிட்டேன். அவன் எதற்கும் சரி என்பான், எதையும் செய்ய மாட்டான். சண்டை போட அவனைவிட நல்ல ஆள் கிடைக்குமா?

"தம்பி, பால் தண்ணியா இருக்கு," என்றார் மருதப்பன்.

"சரிண்ணே."

"நாளைக்கு இப்படி இருக்கக் கூடாது."

"சரிண்ணே."

"நான் உங்களோட சண்டை போடலாம்னு வந்திருக்கேன்."

"சரிண்ணே. நாளைக்கு வச்சுக்குவமா? மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வந்து நிக்கிறாரு."

"அப்படியா, போயிட்டு வாங்க தம்பி."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏண்ணே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? சரி, என்னோடயாவது போடுங்க."

"நீ என்ன தப்புப் பண்ணுன?"

"உங்க சட்டையை அடுப்புல போட்டு எரிச்சுட்டேன்னு வச்சுக்கங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பழைய சட்டைதானே வெள்ளைச்சாமி," என்றார்.

இந்த மனுஷனுக்கு இந்த ஜென்மத்தில் காவி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கூட்டம் வர ஆரம்பித்தது. கூட்டம் என்றால் தகராறு இல்லாமலா? முதல் நாளே இரண்டு ஊர்க்காரர்கள் யார் முதல் பந்தியில் உட்காருவது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா நடுவில் போய் நின்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், நூற்பாலையில் இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. எங்கள் அடுக்களையில் அண்டாவே அதிர்ந்தது. இரண்டு கூட்டமும் பெட்டிப்பாம்பாக உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் ஒருத்தன் குடித்துவிட்டு வந்து சோற்றையும் திட்டினான், அம்மாவையும் திட்டினான். என் கையில் கரண்டி இருந்தது, நல்ல கனமான கரண்டி. அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் முன்னால் ஒரு டம்ளர் மோரை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். பக்கத்து டீக்கடைக்காரன், பந்தல் கால் தன் கடை வாசலில் இரண்டடி வந்திருக்கிறது என்று சண்டைக்கு வந்தான். அந்த இடம் அவனுடையதே இல்லை. அம்மா உடனே பந்தலைப் பிரித்து நகர்த்திக் கட்டச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

துரைப்பாண்டி விஷயம்தான் இன்னும் அதிசயம். அம்மா அவன் வீட்டுக்கே நடந்து போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தார். நானும் மருதப்பனும் கூடப் போயிருந்தோம். அம்மா பாலைப் பற்றிப் பேசவே இல்லை. மாட்டைத்தான் விசாரித்தார். கன்று செத்துப்போச்சாம். மாடு பாலை அடக்குதாம். மடத்துக்கு அளவு குறையக் கூடாதே என்று தண்ணீர் விட்டானாம்.

"இருக்கிறதைக் குடு. குறைஞ்சா நாங்க கருப்பட்டிக் காப்பி குடிச்சுக்கிறோம்," என்றார் அம்மா.

"சரிம்மா," என்றான் துரைப்பாண்டி. இந்தச் 'சரி'யைச் சொல்லும்போது மட்டும் அவனுக்குக் கண் கலங்கியது. மறுநாள் பால் கொஞ்சமாக வந்தது, பாலாக வந்தது.

திரும்பி வருகிற வழியில் மருதப்பன் கேட்டார்.

"அம்மா, எனக்குக் குழப்பமா இருக்கு. ஒரு இடத்துல சத்தம் போடுறீங்க. ஒரு இடத்துல வாயே திறக்கல. டீக்கடைக்காரனுக்கு விட்டுக் குடுத்துட்டீங்க. இங்க வந்து மாட்டுக்கிட்ட உட்கார்ந்து பேசுறீங்க. இதுல எதுதான் சரி?"

"உங்க விசில் இருக்கா?"

அது எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். எடுத்துக் காட்டினார்.

"வண்டியை நிறுத்த எத்தனை ஊதுவீங்க?"

"ஒண்ணு."

"கிளம்பணும்னா?"

"ரெண்டு."

"சக்கரத்துக்குள்ள ஆள் விழுந்துட்டா?"

"நிக்கிற வரைக்கும் விடாம ஊதணும்."

"வீட்டுல எத்தனை ஊதுனீங்க?"

மருதப்பன் விசிலைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டார். அன்று மதியம் அவர் சாப்பிடவும் இல்லை.

எங்கள் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே சொல்ல முடியாது. பரிமாறுகிறவர் "இன்னும் வைக்கவா" என்று வாயால் கேட்க வேண்டும். சாப்பிடுகிறவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். கையை மறிப்பது, தலையை ஆட்டுவது எதுவும் செல்லாது. பதில் வருகிற வரைக்கும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மடத்தை ஆரம்பித்தவர் போட்ட விதி. கூச்சத்தில் கையை மறித்துவிட்டு அரை வயிற்றோடு போன ஒருத்தர் வழியில் மயங்கி விழுந்துவிட்டாராம், அதிலிருந்து இப்படி. இன்னொரு விதி, இலையில் விழுந்த சோறு வீணாகக் கூடாது. இரண்டையும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறோம்.

பூசத்துக்கு நாலு நாள் முன்னால், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். சிங்கம்புணரிப் பக்கத்துக் கூட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது. மருதப்பன் சோற்று வாளியோடு போனார். இரண்டு வரிசை முடித்தார். மூன்றாவது வரிசையில் பாதியில் திரும்பி அடுக்களைக்கு வந்துவிட்டார்.

"வெள்ளைச்சாமி, நீ வாளியைப் பிடி."

"ஏண்ணே?"

"தலை சுத்துது."

எட்டிப் பார்த்தேன். வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மாள், கழுத்தில் மாலை, பாதத்தில் கொப்புளத்துக்குத் துணி சுற்றியிருந்தது. வெறும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. மருதப்பன் முகத்தைப் பார்த்ததுமே அது சௌந்தரம் என்று தெரிந்துவிட்டது.

அம்மா வாசற்படியில் நின்றிருந்தார்.

"கண்டக்டரே, அங்க ஒரு இலைக்குச் சோறு போகல."

"வெள்ளைச்சாமி போடட்டும்மா."

"அவன் அடுப்புல நிக்கிறான். அது உங்க வரிசை."

போனார். ஒரு கரண்டி வைத்தார். அடுத்த இலைக்கு நகரப் பார்த்தார்.

"கேட்டுட்டு நகருங்க," என்றார் அம்மா.

அவர் கேட்கவில்லை. இரண்டாவது கரண்டி வைத்தார். கேட்கவில்லை. மூன்றாவது, நாலாவது. சௌந்தரம் சோற்றைத் தொடவில்லை, தலையையும் தூக்கவில்லை. சோறு குவிந்துகொண்டே போனது. பக்கத்தில் சாப்பிட்டவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் பொறுக்கமாட்டாமல், "போதும்னு சொல்லிரு தாயி," என்றார்.

"கேட்கட்டும். சொல்றேன்," என்றாள் சௌந்தரம்.

ஐந்தாவது கரண்டி. ஆறாவது. இலையின் விளிம்பைத் தாண்டிவிட்டது. சரிந்த பருக்கைகள் அவள் சேலையில் விழுந்தன. அடுப்பில் சாம்பார் பொங்குவதைக்கூட நான் கவனிக்கவில்லை. கேட்டுத் தொலையுங்களேன் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"வாளியில சோறு தீரப்போகுது கண்டக்டரே," என்றார் அம்மா.

"இன்னும் வைக்கவா?"

குரலே இல்லை. வெறும் காற்றுத்தான் வந்தது.

"யாரைக் கேக்குறீங்க?" என்றாள் சௌந்தரம். "எனக்கு ஒரு பேர் இருக்கு."

அவர் கரண்டியை வாளிக்குள் வைத்தார்.

"சௌந்தரம். இன்னும் வைக்கவா?"

அவள் நிமிர்ந்தாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"பதினாலு மாசம்! காப்பி வச்சாக் குடிச்சீங்க. துணி துவைச்சா உடுத்துனீங்க. நான் ஒருத்தி அங்க நின்னேன்ல? நாலு வார்த்தை திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அன்னிக்கே முடிஞ்சிருக்கும். செவுத்தோட பேசிப் பேசி எனக்குப் பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி!"

"நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா?"

"அதைத்தாங்க நானும் சொல்றேன்!"

பந்தியில் யாரும் சாப்பிடவில்லை. மருதப்பன் கழுத்தில் நரம்பு புடைத்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். வாளியைத் தரையில் போட்டார். அது உருண்டு போய்ச் சுவரில் மோதியது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" முப்பத்தோரு வருஷம் விசிலைக் கடித்துக்கொண்டிருந்த வாய் அது. சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "பெத்தவன் நான்! என் மகளுக்கு மாலை எடுத்துக் குடுக்க எனக்குக் கை இல்லையா? வேணாம்னு சொல்லியிருப்பேனோ, சரின்னு சொல்லியிருப்பேனோ, எங்கிட்டக் கேட்டாத்தானே தெரியும்? மூணு நாள் கழிச்சு எவனோ டெப்போவுல சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"பயமா இருந்துச்சு."

"என்ன பயம்? உன்மேல கையை ஓங்கியிருக்கேனா?"

"நீங்க பேசாம எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு பயம்." சேலையில் விழுந்த பருக்கைகளை அவள் எடுத்து இலையில் போட்டாள். "போயிட்டீங்கல்ல?"

இந்தத் தடவை அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை அவருக்கு.

அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "சுகந்திக்கு ஒன்பதாம் மாசம். நல்லபடியாப் பொறக்கணும்னுதான் நடக்கிறேன். நீங்க இங்க இருக்கிறது தெரியும். கூப்பிட வரல. வழியில இருக்கு, வந்தேன்."

அம்மா அடுத்த இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார், "சோறு வீணாகக் கூடாது."

ஆறு கரண்டிச் சோற்றை ஒரு பொம்பளை எப்படித் தின்பாள்? மருதப்பன் அந்த இலைக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை வைத்தார். எங்கள் பக்கத்தில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில் பெண்டாட்டி சாப்பிடுவாள். பெண்டாட்டி இலையில் புருஷன் கை வைத்து நான் பார்த்ததில்லை. நான் ஓடிப்போய்ச் சாம்பார் ஊற்றினேன்.

"உப்பு கம்மி," என்றாள் சௌந்தரம்.

"அவன் எப்பவும் அப்படித்தான்," என்றார் மருதப்பன்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் நடப்பதே வேறு. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு போய் உப்பு எடுத்து வந்தேன்.

மூன்று மணிக்குக் கூட்டம் கிளம்பியது. சௌந்தரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வாங்க என்றும் சொல்லவில்லை, வரேன் என்றும் சொல்லவில்லை. நின்றாள். மருதப்பன் அம்மா முன்னால் வந்து நின்றார்.

"சண்டை போட்டுட்டேன்மா."

"கேட்டுச்சு."

"ஆனா முடியலம்மா. பாதிதான் ஆகியிருக்கு. அவளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கு, எனக்கும் இருக்கு."

"பழனிக்கு இன்னும் மூணு நாள் நடை இருக்கு," என்றார் அம்மா.

பிறகு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் புதுக் காவி வேட்டி இருந்தது. மடிப்புக் கலையாமல் மருதப்பன் கையில் வைத்தார்.

"சொன்ன சொல்லு. இந்தாங்க."

மருதப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இரண்டு வருஷமாகக் கேட்டது. அதைப் பார்த்தார். வாசலில் நிற்கிறவளைப் பார்த்தார். திரும்பவும் துணியைப் பார்த்தார்.

"இதை வச்சு இப்ப நான் என்னம்மா பண்றது?"

"எட்டு முழம், நல்ல கெட்டித் துணி," என்றார் அம்மா. "பிள்ளைக்குத் தொட்டில் கட்டுங்க."